தவிட்டின் பெருமை

சென்ற கோடை விடுமுறையில் யாம் எம் ஊராகிய தேவதானத்தில் இருந்தகாலை, ஒரு நாள் நண்பகல் உணவின்போது எம் தாயார்க்கும் எமக்கும் சோற்றைப் பற்றி ஒரு வழக்கு எழுந்தது. வழக்கில் தோற்றவர் யாமே. அத்தோல்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று ஆதலின், அதனை முதற்கண் கூறிவிட்டுப் பின்னர்ப் பொருளுக்குள் புகுவோம்.

தேவதானம் என்பது இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் பெருவழியில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே அமைந்த ஊர். கோயிலுக்கென இறையிலியாக விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுக்கள் ‘தேவதானம்’ என வழங்கும். அப்பெயரே ஊர்ப்பெயராய் நிலைத்தது. இங்குள்ள பழைய சிவன் கோயிலின் இறைவர்க்கு ‘நச்சாடை தவிர்த்தவர்’ என்பது திருப்பெயர். பகைவன் பாண்டியனுக்குப் பரிசிலாக விடுத்த ஆடையில் நஞ்சு தோய்ந்திருந்தது என்றும், இறைவர் அதனின்று அவனைக் காத்தார் என்றும் ஊரார் கதை கூறுவர். பார்வைக்குப் பளபளப்பாய் வரும் பொருளை உடனே ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு ஓர் ஊரே கதை வைத்திருப்பது எமக்கு இக்கட்டுரை எழுதும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மலையினின்று இழியும் ஓடைகள் குளங்களை நிறைக்க, குளங்களின் கீழ் நெல் விளையும். கிழக்கே சில கல் தொலைவு நடந்தால் நிலம் கறுத்துக் கரிசலாகும்; ஆங்கே கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் உண்டு. நன்செய்யும் புன்செய்யும் இங்ஙனம் அடுத்தடுத்துக் கிடக்கும் நாட்டிலே, விளைந்த நெல் களத்திலிருந்து லாரியேறி எங்கோ செல்கிறது. எங்கிருந்தோ வெள்ளை வெளேரென்ற அரிசி, படம் போட்ட பையில் அடைபட்டுக் கடைக்கு வந்து இறங்குகிறது. எம் வீட்டு அடுப்பில் கொதிப்பதும் அவ்வரிசியே.

எம் தந்தையார்க்கு நீரிழிவு கண்டு மூன்றாண்டுகள் ஆகின்றன. சோற்றைக் குறைக்குமாறும், உண்ணும் சோற்றையும் தீட்டாத அரிசியில் கொள்ளுமாறும் மருத்துவர் கூறியிருந்தார். கல்லூரி நூல்நிலையத்தில் இப்பொருள் பற்றிச் சில நூல்களைப் படித்திருந்த யாம், கற்றதை உடனே வெளியிட வேண்டுமென்னும் ஆர்வத்தால், ‘பாட்டியார் காலத்தில் உரலிற் குத்திய அரிசியன்றோ உண்டனர்? இச்சோற்றில் மாவைத் தவிர யாது உளது?’ என ஒரு சிறு விரிவுரையே நிகழ்த்திவிட்டோம். எம் தாயார் இராசபாளையத்துப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்ப்பவர். இரவு முறை முடித்து வந்து, சமைத்து, எங்களுக்குப் பரிமாறிவிட்டு, அப்போதுதான் தம் தட்டின் முன் அமர்ந்தார்.

‘நீ சொல்லுறதெல்லாம் சரிதான்யா. உலக்கைய யாரு பிடிக்கிறது?’ என்றார்.

இவ்வினாவுக்கு விடை எந்நூலிலும் யாம் கண்டதில்லை. ஆதலின் மறுநாள் உலக்கையை யாமே பிடிப்பது என்று முடிவாயிற்று.

உரல் கொல்லையில் முருங்கை மரத்தடியிற் கிடந்தது. கோழிகள் அதில் தேங்கிய நீரைக் குடித்து வந்தன. உலக்கை பரணில் இருந்தது; அதன் பூண் துருவேறியிருந்தது. எழுபத்தெட்டு வயதுடைய எம் பாட்டியார் திண்ணையில் அமர்ந்து ஆணையிட, யாம் தொழில் கற்றோம். அண்டை வீட்டாரிடம் வாங்கிய நான்கு படி நெல்லை முந்தின நாளே ஊறவைத்து, உமி வாய்விடும்வரை அவித்து, நிழலும் வெயிலுமாக உலர்த்தியிருந்தனர். முதற் குத்தில் உமி கழலும். சுளகிலிட்டுப் புடைத்தால் அது பறந்துவிடும். எஞ்சுவது மங்கிய செந்நிற அரிசி. அதனை மீண்டும் உரலிலிட்டுக் குத்துவதே தீட்டல். அப்போது போவது தவிடு. இரண்டாவது குத்தை எவ்விடத்தில் நிறுத்துவது என்பதே கைத்திறம். சிறிதளவே தீட்டி நிறுத்திய அரிசியைக் கொழியலரிசி என்பர்; வீட்டுச் சோற்றுக்கு அதுவே போதும் என்பது பாட்டியார் கட்டளை. விருந்தினர் வரும் நாளில் மட்டும் இன்னும் சிறிது வெளுக்கத் தீட்டுவார்களாம்.

காலை உணவு முடிந்து தொடங்கிய வேலை, வெயில் தலைக்கு நேரே வந்தபோது முடிந்தது. நான்கு படி நெல் இரண்டு படிக்குச் சற்றுக் குறைய அரிசி தந்தது. எங்கள் வீட்டார்க்கு அது இரண்டு நாளைக்குக் காணாது. உள்ளங்கைகள் கொப்புளித்துவிட்டன. பாட்டியாரோ மணமாகி வந்த நாள் முதல் ஊருக்கு அரிசி ஆலை வரும் வரையில் இதனை நாள்தோறும் விடியுமுன் செய்தவர். எதிரே இன்னொருத்தி நின்று மாற்றுலக்கை போட்டால் பாதி நேரத்தில் முடியும் என்றும், ஆள் கிடைக்காத நாளில் தனியே குத்துவதுண்டு என்றும் கூறினார். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியிலும், சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலும் மகளிர் குற்றும்போது பாடும் வள்ளைப்பாட்டு உண்டென வகுப்பில் பாடங் கேட்டிருக்கிறோம். பாட்டின் இனிமையை அங்கே அறிந்தோம். தோளின் நோவை அன்றே அறிந்தோம். மூச்சு வாங்கும்போது எம்மால் ஓரடியும் பாட முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

நிற்க. இத்துணைப் பாடுபட்டு அரிசியில் தங்க வைக்கும் தவிட்டில் அப்படி யாது உளது? இதனை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையுடையது; அதில் தமிழர்க்கும் ஒரு பங்கு உண்டு.

சாவகத் தீவின் பத்தாவியா நகருக்கு 1886-ஆம் ஆண்டில் எய்க்மன் என்னும் ஒல்லாந்து மருத்துவர் வந்தார். கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு தளர்ந்து மக்கள் மடியும் ‘பெரிபெரி’ நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தல் அவரது நோக்கம். கிருமி அகப்படவில்லை. ஆனால் மருத்துவமனையில் ஆய்வுக்கென வளர்த்த கோழிகள் அந்நோய் போன்றதொரு நோயால் தள்ளாடி விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறின. உசாவியபோது, இடையில் சமையற்காரன் மாறியது தெரிந்தது. முன்னவன் மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்கு இட்டான்; பின் வந்தவன் படைவீரர்க்குரிய சோற்றைக் கோழிக்கு இடுவதா என மறுத்துவிட்டான். அவன் கஞ்சத்தனம் மருத்துவ உலகுக்குப் பெரும் பயனாயிற்று! தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் நீங்குவதை எய்க்மன் கண்டார். எனினும் சோற்றில் ஒரு நஞ்சு இருப்பதாகவும், தவிடு அதனை முறிப்பதாகவும் நெடுங்காலம் கருதினார். அவருக்குப் பின் அவ்விடத்தில் ஆய்ந்த கிரீன்ஸ் என்பவரே 1901-இல், தீட்டிய அரிசியில் உள்ள ஒன்றால் நோய் விளையவில்லை, இல்லாத ஒன்றால் விளைகிறது என்று தெளிந்தார். இல்லாமையும் நோய் செய்யும் என்பது அக்காலத்திற்குப் புதிய கருத்து. எய்க்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

மலாய் நாட்டில் நிகழ்ந்தது எமக்கு இன்னும் நெருங்கியது. அங்கே ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் பெரிபெரியால் திரள் திரளாக மாண்டனர். அதே நாட்டில், அதே வெயிலில், தோட்டங்களில் உழைத்த தமிழ்க் கூலிகளை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் இவ்வேற்றுமையை உற்று நோக்கி, சீனர் பச்சரிசியும் தமிழர் புழுங்கலரிசியும் உண்பதே காரணம் என்று 1907-இல் நூலெழுதினார். பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், சாலை வேலைக்கு வந்த சாவகத் தொழிலாளர் ஏறக்குறைய 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் அளித்துப் பார்த்தனர். நோய் முதற் பிரிவிலேயே தோன்றியது. தமிழ்க் கூலிகள் மருத்துவம் கற்றவரல்லர். தாயகத்தில் உண்ட அரிசியை அயல் நாட்டிலும் விடாது கேட்டு வாங்கினர். அந்தப் பிடிவாதமே அவர்களைக் காத்தது.

புழுக்கலால் விளையும் பயன் யாது என்பதையும் ஈண்டுச் சொல்லிவிடுதல் நலம். தவிட்டிலும் முளையிலும் உள்ள உயிர்ச்சத்து நீரிற் கரையும் இயல்பினது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது கரைந்து உள்ளே ஊடுருவி அரிசிமணிக்குள் தங்கிவிடுகிறது. அப்பால் தவிட்டைத் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் முன்னோர் இதனையெல்லாம் அறிந்தே நெல்லை அவித்தனர் என்று மேடையிற் பேசுவோர் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, நொய் குறையும், அரிசி நெடுநாள் இருக்கும். இவையே வீட்டுப் பெண்டிர் கண்ட நன்மைகள். உயிர்ச்சத்து, கேளாமல் வந்த கொடை.

அச்சத்தைத் தேடி இறுதியில் செயற்கையாய்ச் செய்து காட்டியவர் பிறந்த இடம் நெல்லூர்! அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்த பெற்றோர்க்கு 1886-இல் ஆங்கே பிறந்த இராபர்ட் வில்லியம்ஸ், ரசாயனம் கற்று மணிலா நகரில் வேலையேற்றபோது, வெடர் என்னும் படைமருத்துவர் அவரிடம் தவிட்டுச் சாற்றைக் கொடுத்து, இதில் நோய் தீர்ப்பது எதுவெனக் கண்டு சொல்லுமாறு கேட்டார். பெரிபெரியால் மூச்சடங்கிக் கிடந்த கைக்குழந்தைகள் அச்சாற்றின் சில துளிகளால் பிழைத்தெழுந்ததை வில்லியம்ஸ் கண்ணாரக் கண்டார். ஏறக்குறைய இருபத்தைந்தாண்டு, பெரும்பாலும் ஓய்வு நேரங்களிலேயே உழைத்து, 1936-இல் தயாமின் என்னும் அவ்வுயிர்ச்சத்தின் அமைப்பைக் கண்டு அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினார். அதனால் வந்த வருவாயின் பெரும்பகுதியை உணவுக் குறைவால் வரும் நோய்களை ஒழிக்கும் நிதிக்கே விட்டுவிட்டார்.

அவர் பிறந்த நெல்லூர் முதல் விசாகப்பட்டினம் வரையிலான கடற்கரையே பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி குடிகொண்டிருந்த பகுதி என்பது வியக்கத்தக்கது. அங்கு ஆலையில் தீட்டிய பச்சரிசியே பெருவழக்கு. தெற்கே புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிது. இதனை ஆய்ந்து நிறுவியவர்கள் கூனூரில் இருந்தோர். 1918-இல் மக்கரிசன் என்பார் கூனூர்ப் பாஸ்டர் நிலையத்தில் ஒரே அறையில் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சி, பின்னர் எய்க்ராய்டு தலைமையில் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அவர்கள் வெளியிட்ட உணவு அட்டவணையில் 100 கிராம் அரிசிக்குத் தயாமின் அளவு இவ்வாறு காணப்படுகிறது: ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், கையாற் குத்திய பச்சரிசியில் 0.21, ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியிலும் 0.21, கையாற் குத்திய புழுங்கலரிசியில் 0.27. அன்பர்கள் இடையிலுள்ள இரண்டு எண்களை ஊன்றி நோக்குக. புழுக்கினால் ஆலையரிசியும் உலக்கையரிசிக்கு இணையாய் நிற்கிறது. எம் தாயார் எழுப்பிய வினாவுக்கு விடையின் ஒரு பாதி இதில் இருக்கிறது.

மக்கரிசன் செய்த மற்றொரு சோதனை தமிழர்க்கு அத்துணை இனியதன்று. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்து, நிறுத்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் வெண்ணெயும் பருப்பும் பச்சைக் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகளின் சராசரி எடை 235 கிராம். அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவில் வளர்ந்தவற்றின் எடை 155 கிராம். இதுவே வரிசையிற் கடைசி. ஆகவே தவிடு நீங்காத அரிசி உண்டால் எல்லாம் நிறைந்துவிடும் என யாம் கூறவில்லை. கீரையும் பருப்பும் மோரும் இல்லாத சோறு, எவ்வுலக்கையிற் குத்தினும் குறைச்சோறே.

இனி, உலக்கையின் பக்கம் நின்று வழக்காடிய ஒருவரைப் பற்றிக் கூற வேண்டும். தஞ்சையில் 1892-இல் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, இலண்டனில் கணக்காய்வு பயின்று, அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்ற ஜே. சி. குமரப்பா, 1934-இல் காந்தியடிகள் வார்தாவில் அமைத்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளரானார். தம் இறுதிக் காலத்தைத் திருமங்கலத்திலிருந்து எங்கள் பக்கம் வரும் சாலையில் உள்ள தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்திற் கழித்து, 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தார். அரிசி ஆலை தவிட்டை மட்டும் களைவதில்லை, குத்திக் கூலி பெற்ற ஏழைப் பெண்களின் வேலையையும் களைகிறது என்பது அவர் கொள்கை. கைக்குத்தலைக் காக்கும் எண்ணத்தோடு 1958-இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டமும் பிறந்தது. 1997-இல் அது நீக்கப்பட்டது. அதற்குள் உலக்கைகள் பரணேறி நெடுங்காலம் ஆகிவிட்டன.

குமரப்பாவின்பால் எமக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் கூலிக்குக் குத்தியவளுக்கும் தன் வீட்டுக்குக் குத்தியவளுக்கும் வேற்றுமை உண்டு. முன்னவளுக்கு ஆலை கூலியைப் பறித்தது. பின்னவளுக்கு இரண்டு நாழிகை உறக்கத்தைத் திருப்பித் தந்தது. பழைய உணவைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் ஆடவராயிருப்பதும், அதனை ஆக்கிப் படைப்போர் பெண்டிராயிருப்பதும் யாம் அன்று உரலடியில் அமர்ந்து எண்ணிய செய்தி. ஆலை திறந்த அன்று ஊர்ப் பெண்கள் உலக்கையைச் சாத்திவிட்டுப் பார்க்கப் போனார்களாம். அதனைச் சொல்லும்போது பாட்டியார் முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை.

குற்றம் யந்திரத்தின்மேல் இல்லை எனில் எதன்மேல்? இற்றை ஆலையில் நிகழ்வதைப் பார்ப்போம். நூறு பங்கு நெல்லில் ஏறக்குறைய 20 பங்கு உமி. ரப்பர் உருளைகள் இதனை அகற்றுகின்றன. இம்மட்டில் அரிசிக்கு ஒரு தீங்கும் இல்லை. அடுத்துச் சுழலும் கற்கள் தவிட்டைச் சுரண்டுகின்றன. இது 8 முதல் 10 பங்கு. அதன்பின் நீர்த்திவலை தெளித்து மெருகேற்றுகின்றனர். இறுதியில் மின்கண் ஒன்று நிறம் மாறிய மணிகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தள்ளுகிறது. ‘சில்க்கி’ என்றும் ‘சார்ட்டெக்ஸ்’ என்றும் பைகளில் பொறித்திருப்பது இம்மெருகையும் பொறுக்கலையுமே. களைந்த தவிடு எங்கே போகிறது? மாட்டுத் தீவனத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிறது. தவிட்டெண்ணெய் நெஞ்சுக்கு நல்லது என்னும் விளம்பரத்தோடு அது புட்டியில் திரும்பி வருகிறது. போன சத்துக்கு மாத்திரை தனியே வருகிறது. 2021-இல் அறிவித்தபடி அரசு நியாயவிலை அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்த மணிகளைக் கலக்கச் செய்தது. நோயுற்ற நாட்டுக்கு இது வேண்டியதே என்போரை யாம் மறுக்கவில்லை. முதலில் எடுத்துவிட்டுப் பின்னர்ச் சேர்க்கும் இம்முறை, சட்டையைக் கிழித்துத் தையற்காரனுக்கு வேலை கொடுப்பது போல் எமக்குத் தோன்றுகிறது.

வணிகர் தவிட்டை வெறுப்பதற்கு நேர்மையான காரணம் ஒன்று உண்டு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. உமி நீங்கிய சில வாரங்களில் அவ்வெண்ணெய் கெட்டுக் காறல் வாடை வீசும். வண்டும் விரைந்து பிடிக்கும். தீட்டிய வெள்ளரிசியோ மாதக் கணக்கில் மூட்டையில் கிடக்கும், ஆயிரம் கல் தொலைவு பயணம் செய்யும். அப்படியாயின் பாட்டியார் வீட்டில் ஆண்டு முழுவதும் கெடாதிருந்தது எவ்வாறு? அவர் அரிசியைச் சேமிக்கவில்லை, நெல்லைச் சேமித்தார். குதிரில் நெல் தன் உமிப் போர்வைக்குள் பத்திரமாய் உறங்கியது. வேண்டும்போது வேண்டிய அளவே எடுத்துக் குத்தினர். எண்ணெய்க்கு எள்ளையும், மாவுக்குக் கேப்பையையும் இவ்வாறே முழுமணியாய் வைத்திருந்து, சிறிது சிறிதாய்ச் செக்குக்கும் திரிகைக்கும் அனுப்பினர். குத்துவதற்கும் உண்பதற்கும் இடையே ஓரிரு நாளே இருந்தது. இன்று அவ்விடைவெளி மாதங்களாகவும், சில பண்டங்களில் ஆண்டாகவும் நீண்டுவிட்டது. அத்துணை நாள் கெடாதிருக்க வேண்டுமெனின், கெடக்கூடிய பகுதி எதுவோ அதனைக் களைந்தேயாக வேண்டும். கெடக்கூடிய பகுதியே பெரும்பாலும் சத்துள்ள பகுதியாகவும் இருப்பதுதான் இடர்ப்பாடு. பதப்படுத்திய உணவு முழுவதற்கும் இக்கணக்குப் பொருந்தும். 1937 முதல் ‘டால்டா’ என்னும் பெயரோடு வீடுகளில் புகுந்த வனஸ்பதியும் எளிதிற் காறாது என்பதற்காகவே கொண்டாடப்பட்டது. அதிலிருந்த செயற்கைக் கொழுப்பின் தீமையை உலகம் நெடுநாள் கழித்தே அறிந்து, நம் நாட்டில் 2022 ஜனவரி முதல் அவ்வகைக் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்கை மிஞ்சலாகாது என விதித்தனர்.

பழையதெல்லாம் நன்று என்று இதனால் கொள்ளற்க. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா பழமை வாய்ந்ததே. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. பாலும் சர்க்கரையும் அன்றி வேறொன்றும் இல்லாத தூய பண்டம். ஆயினும் எம் தந்தையார் அதனை விரலாலும் தொடலாகாது என்பது மருத்துவர் ஆணை. அதுபோலவே புதியதெல்லாம் பழைய பெயரைச் சூடிக்கொண்டு வருவதும் உண்டு. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் கேப்பை பிஸ்கோத்தும் கம்பு நூடுல்ஸும் கடைகளில் அடுக்கப்பட்டன. 100 கிராம் கேப்பையில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மட்டுமே. ஆனால் அந்தச் சத்தைப் பெறக் களி கிண்டுதல் போதும். மைதாவில் ஒரு பிடி கேப்பை தூவிச் சர்க்கரையிட்டுச் சுட்டதைத் தேட வேண்டுவதில்லை.

வெள்ளைச் சோற்றை விரும்பும் ஏழை மக்களை ஏளனஞ் செய்வோரும் உளர். கரிசல் ஊர்களில் ஒரு காலத்தில் நெல்லுச்சோறு என்பது பண்டிகை நாளில் மட்டும் கிடைத்தது. எஞ்சிய நாளெல்லாம் கம்மங்கஞ்சியும் சோளச்சோறும். அவற்றை விரும்பி உண்டாரல்லர்; வேறின்மையால் உண்டனர். அவர்தம் மக்கள் கை நிறையப் பொருள் வந்தவுடன் மல்லிகைப்பூப் போன்ற சோற்றை நாடுவது, நெடுநாள் மறுக்கப்பட்டதைப் பெறும் மகிழ்ச்சியே. அவ்வருமையை அறியாது அவர்களுக்குக் கம்பின் பெருமையை ஓதுவது தகாது. ஆயினும் அம்மகிழ்ச்சிக்கு நம் உடம்பு கொடுக்கும் விலையையும் மறைத்தல் இயலாது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடியே 10 லட்சம் என மதிப்பிட்டது. 21 நாடுகளில் செய்து 2020-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வெள்ளரிசியை மிகுதியாய் உண்போரிடையே நீரிழிவு மிகுதி என்றும், அத்தொடர்பு தென்னாசியாவில் மிக வலிது என்றும் கண்டது. எங்கள் தெருவிலேயே அந்நோய்க்கு மாத்திரை உண்ணாத வீடு சிலவே.

இனி எம் வீட்டு வழக்குக்கு வருவோம். ஊருக்கு அப்பால் ஒரு சிறிய ஆலை உண்டு. அதன் உரிமையாளரிடம், உமியை மட்டும் நீக்கி, அரைத் தீட்டோடு நிறுத்தித் தருமாறு கேட்டோம். ‘எல்லாரும் வெளுக்கத் தீட்டச் சொல்லுவாங்க, நீங்க ஒருத்தருதான் கறுப்பாக் கேக்கீங்க’ என்று சிரித்தார், ஆயினும் செய்து கொடுத்தார். அண்டை வீட்டாரிடம் மூட்டையாய் நெல் வாங்கி வைத்துக்கொள்வது, அதனை வாரந்தோறும் சிறிதளவு அவித்து உலர்த்துவது, அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஆலைக்குக் கொண்டுபோவது என ஏற்பாடாயிற்று. அவித்தல் பாட்டியார் மேற்பார்வையில் நடைபெறும். மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிச் செல்வது தந்தையார் பொறுப்பு. மருத்துவர் சொன்ன உடற்பயிற்சியும் அதனால் ஒருவாறு நிறைவேறுகிறது. சுளகு பிடித்துப் புடைப்பதும் கல் பொறுக்குவதும் ஆண்மக்களே செய்ய வேண்டும் என்று எம் தாயார் நிபந்தனை விதித்தார். யாம் கல்லூரிக்குத் திரும்பியபின் எம் இளவல் அதனைச் செய்து வருகிறான். அவ்வரிசி வேகச் சிறிது நேரம் கூடுதலாகும். முன்னாளிரவே ஊறவைத்தால் அக்குறை பெரிதும் தீரும். சோற்றைக் குறைத்துக் கீரையும் பயறும் கூட்டியிருக்கின்றனர். வடித்த கஞ்சியைக் கொட்டுவதில்லை. உப்பிட்டு, இரவு முறை முடித்து வரும் தாயார்க்கு எடுத்து வைக்கின்றனர்.

தந்தையார் மூன்று வாரம் ஒன்றும் சொல்லாமல் உண்டார். நான்காம் வாரம், ஞாயிறு ஒரு வேளையேனும் வெள்ளைச் சோறு கிடைக்குமா என்று கேட்டார். தாயார் ஒரு கரண்டி அளந்து வைத்தார். யாம் அருகில்தான் இருந்தோம். விரிவுரை ஒன்றும் நிகழ்த்தவில்லை.